ஹாலிஃபாக்ஸில் ஐந்து நாள், யாரோ ஒருவரின் ஜெர்கினோடு

ஜூன் 9

பெட்டி வரவில்லை. விமான நிலையத்துப் பட்டை சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியோடு நின்றுபோனது. கவுன்ட்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, பெட்டி வேறு ஏதோ ஊருக்குப் போயிருக்கிறது என்றார். எந்த ஊர் என்று கேட்டால் சிரிக்கிறார். அந்த விமான நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது, விடுங்கள். கையில் இருந்தது லேப்டாப் பை மட்டும். உடம்பில் ஒரு காட்டன் சட்டை. டொரன்டோ பக்கத்து பிராம்ப்டனில் கிளம்பும்போது 29 டிகிரி, இங்கே 11. கூடவே பஞ்சு மாதிரி மூடுபனி. கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணமான இந்த நோவா ஸ்கோஷியா ஜூன் மாதத்தில் இப்படித்தான் இருக்கும் என்று, அழைத்துப்போக வந்த நண்பன் இப்போது சொல்கிறான்.

நேராகப் பழைய துணிக்கடைக்குப் போனோம். 14 டாலருக்கு ஒரு கருநீல ஜெர்கின். முதுகில் ஏதோ ஒரு பள்ளிக்கூட ஐஸ் ஹாக்கி அணியின் பெயர், கையில் 17 என்று நம்பர். காலருக்கு உள்ளே மார்க்கர் பேனாவில் யாருடையதோ இனிஷியல். எனக்கு ஹாக்கி என்றால் தன்ராஜ் பிள்ளைதான் தெரியும். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பத்தாவது நிமிடம், சிக்னலில் நின்ற ஒருவர் "இந்த வருஷம் பசங்க எப்படி ஆடினாங்க?" என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்லி வைத்தேன்.

ராத்திரி டோனேர். 2015இல் நகரசபை கூடி ஓட்டுப்போட்டு இதை ஹாலிஃபாக்ஸின் அதிகாரபூர்வ உணவாக்கியிருக்கிறது. கம்பியில் சுற்றும் காரமான மாட்டிறைச்சியைச் சீவி, வெங்காயம் தக்காளியோடு ரொட்டியில் சுருட்டி, மேலே ஒரு வெள்ளைச் சாறு ஊற்றுகிறார்கள். சாறு என்னவென்று விசாரித்தேன். கண்டென்ஸ்டு மில்க், வினிகர், பூண்டுப் பொடி. மில்க்மெய்டையும் பூண்டையும் சேர்க்கத் துணிந்தவனை எங்கள் வீட்டில் அடுப்பங்கரைக்குள் விடமாட்டார்கள். முதல் கடியில் திகைத்தேன், பாதியில் பழகியது, கடைசியில் விரலை நக்கினேன். 13 டாலர், வரி தனி.

மிச்சச் சில்லறையில் ஒரு பத்து டாலர் நோட்டு வந்தது. மூன்று வருடமாகக் கையில் புரளும் அதே ஊதா நோட்டுதான். நண்பனின் மனைவி அதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். "முகத்துக்குப் பின்னால பாருங்க." வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண்ணின் முகத்துக்குப் பின்னால் மெலிதான கோடுகளில் ஒரு வரைபடம், இதே ஊரின் வடபகுதித் தெருக்கள். அவர் அழகுநிலையம் நடத்திய காட்டிங்கன் தெருவும் அதில் இருக்கிறது. "நாளைக்கு அங்கதான் போகணும்" என்றார்.

நான் வந்தது லாப்ஸ்டர் தின்னவும் கலங்கரை விளக்கத்தடியில் நின்று போட்டோ எடுக்கவும். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஐந்து நாளில் இரண்டுமே நடக்கவில்லை.

ஜூன் 10

முதலில் ஒரு அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காட்டிங்கன் தெரு நூலகத்தில் போனுக்கு சார்ஜ் போட இடம் தேடிக்கொண்டிருந்தேன். வாசல் பக்கத்து மேசையில் ஒரு கறுப்பினப் பாட்டி, எழுபத்தைந்து இருக்கும், தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தார். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் "டியர்" என்கிறார்கள், அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். பேச்சு வளர்ந்தது. நம் ஊர்க்காரர் கேட்கும் முதல் கேள்வியை நானும் கேட்டேன். "நீங்க எந்த நாட்டிலிருந்து வந்தீங்க?"

அவர் கோபப்படவில்லை. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். அம்மா, பாட்டி, பாட்டியின் அம்மா என்று எட்டு வரை போனார். 1812இல் தொடங்கிய பிரிட்டிஷ்-அமெரிக்கப் போரின்போது அடிமைப் பண்ணைகளிலிருந்து தப்பி, பிரிட்டிஷ் கப்பலில் ஏறி இங்கே வந்து இறங்கியவர்கள் அவர் முன்னோர்கள். அப்படி வந்தவர்கள் சுமார் 2,000 பேர். கனடா என்கிற நாடு பிறந்ததே 1867இல்தான். "நீ வந்து எத்தனை வருஷம், டியர்?" என்று கேட்டார். மூன்று என்றேன். தலையாட்டிவிட்டுப் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டார்.

அந்தத் தலையாட்டலுக்கு அப்புறம் எழுந்து போக எனக்கு மனமில்லை. அவரும் விடவில்லை. இவர்கள் தங்களை ஆப்பிரிக்க நோவா ஸ்கோஷியர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சும்மா கறுப்பினத்தவர் என்று மட்டும் சொன்னால், நேற்று விமானத்தில் வந்தவரையும் எட்டுத் தலைமுறையாய் இருப்பவரையும் ஒரே மூட்டையில் கட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது என்பது பாட்டியின் கணக்கு. இந்த மாகாணத்தில் இவர்களின் பழைய குடியிருப்புகள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன.

வயோலா டெஸ்மண்ட் கதையையும் அவர் வாயாலேயே கேட்டேன். 1946 நவம்பர் 8. வியாபார விஷயமாகப் போகிற வழியில் நியூ கிளாஸ்கோவில் கார் மக்கர் பண்ணிவிட்டது. பழுது பார்த்து முடிக்கும்வரை நேரம் போகட்டும் என்று சினிமாவுக்குப் போனார். கிட்டப்பார்வை என்பதால் கீழே முன்பக்கம் உட்கார்ந்தார். கறுப்பினத்தவர் மாடியில்தான் உட்கார வேண்டும் என்பது அந்தத் தியேட்டரின் வழக்கம். கீழ் டிக்கெட்டுக்குக் காசு தருகிறேன் என்றவரை இழுத்துக்கொண்டு போய் இரவெல்லாம் சிறையில் வைத்தார்கள். வழக்கு எதற்குத் தெரியுமா? மாடி டிக்கெட்டுக்கும் கீழ் டிக்கெட்டுக்கும் வரியில் இருந்த ஒரு சென்ட் வித்தியாசத்தை ஏய்த்தாராம். தோல் நிறம் என்ற வார்த்தையே குற்றப்பத்திரிகையில் இல்லை. அபராதமும் செலவும் 26 டாலர். அவர் 1965இல் இறந்தார். மன்னிப்பு வந்தது 2010இல். அதில் கையெழுத்துப் போட்ட துணைநிலை ஆளுநர் மேயன் பிரான்சிஸும் ஒரு கறுப்பினப் பெண். இதைச் சொல்லும்போது மட்டும் பாட்டி பின்னலை மடியில் வைத்துவிட்டார்.

"நோட்டுல படம் போட்டாங்க, நல்லதுதான். ஆனா அந்த நோட்டு எத்தனை இருந்தா இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு கிடைக்கும்?"

வெளியே வந்து பார்த்தால் அதற்கு விளக்கமே தேவையில்லை. யூனியாக் ஸ்கொயர் என்கிற அரசுக் குடியிருப்பின் செங்கல் வரிசை வீடுகள், சுற்றிலும் கண்ணாடி அடுக்குமாடிகள், 6 டாலர் காபிக் கடைகள். தெருவின் தென்கோடியில் கிரேன்கள். 1960களின் கடைசியில் ஒரு பெரிய நெடுஞ்சாலைத் திட்டத்தின் முதல் துண்டாக அங்கே காக்ஸ்வெல் மேம்பாலச் சந்திப்பைக் கட்டினார்கள். நெடுஞ்சாலை வரவேயில்லை. ஊரின் மையத்தையும் வடபகுதியையும் வெட்டிப் பிரித்தபடி கான்கிரீட் மட்டும் ஐம்பது வருடம் நின்றது. அதை இடித்துப் புதுத் தெருக்கள் போடும் வேலை 2021இல் தொடங்கியது. அங்கே வரப்போகும் வீடுகளில் யார் இருப்பார்கள் என்பதுதான் நூலக மேசையில் அன்றைக்கு ஓடிய பேச்சு.

கிளம்பும்போது பாட்டி பையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் எடுத்துக் கொடுத்தார். "சௌ" என்று பெயர். பச்சைத் தக்காளியையும் வெங்காயத்தையும் நறுக்கி உப்பில் ஊறவைத்து, வினிகரும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சிய ஊறுகாய். ராத்திரி மீன் கட்லெட்டோடு தொட்டுக்கொண்டேன். நல்ல பதம், நல்ல புளிப்பு. காரம்தான் கிஞ்சித்தும் இல்லை.

பெட்டி: இன்னும் தகவல் இல்லை.

ஜூன் 11

ஆப்ரிக்வில் போகிறேன் என்றதும் நண்பன் காரில் விடுகிறேன் என்றான். பெரிய இவன் மாதிரி வேண்டாம் என்று பஸ் ஏறினேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கித் தொலைத்தேன். அங்கிருந்து கன்டெய்னர் லாரிகள் போகும் சாலை, பல இடத்தில் நடைபாதையே கிடையாது. தூறல் வேறு. ஷூ நனைந்து நடக்கும்போது தவளை மாதிரி சத்தம் போட்டது. எதிரே வந்த லாரி ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, ஜன்னலை இறக்கி, மியூசியமா என்று கேட்டு வழி சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்கவே இல்லை.

கடல் உள்ளே புகுந்து ஏரி மாதிரி விரிந்திருக்கும் பெட்ஃபோர்ட் பேசின். அதன் கரையில் புல்வெளி, ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம், அதுதான் மியூசியம். தலைக்கு மேல் மெக்கே பாலம், ஒரு பக்கம் ரயில் பாதை, தள்ளிக் கன்டெய்னர் துறைமுகம். மூடுபனியில் பாலத்தின் பாதிதான் தெரிந்தது, வண்டிகளின் இரைச்சல் மட்டும் முழுசாக வந்தது.

இங்கே கறுப்பினத்தவரின் ஊர் ஒன்று இருந்தது, அதுதான் ஆப்ரிக்வில். 1848இல் வில்லியம் பிரவுன், வில்லியம் ஆர்னால்டு என்ற இருவர் காசு கொடுத்துக் கிரயம் செய்த நிலம். 1849இல் தேவாலயம் எழும்பியது. பிறகு நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்து இறக்கியது. வீடுகளுக்கு நடுவே ரயில் பாதை, பக்கத்தில் சிறைச்சாலை, மலக்குழிகள், தொற்றுநோய் ஆஸ்பத்திரி, கடைசியில் 1950களில் நகரத்தின் குப்பைமேடு. வரி வாங்கினார்கள். ஆனால் குழாய்த் தண்ணீர் வரவில்லை, சாக்கடை இல்லை, தார்ச்சாலை இல்லை. மியூசியத்தில் பார்த்த ஒரு படத்தில் கிணற்றடியில் பலகை: தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். இப்படி ஆக்கிவிட்டு, இது சேரியாகிவிட்டது, காலி செய்யுங்கள் என்றார்கள். 1964இல் தொடங்கி சுமார் 80 குடும்பங்கள், 400 பேர்.

கையில் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு வீட்டைப் பார்த்து விலை. தலைமுறையாக இருந்தும் பத்திரம் இல்லாதவர்களுக்கு 500 டாலர். தாத்தா வாய்ச்சொல்லாகப் பிரித்துக்கொடுத்த நிலத்துக்கு யாரிடம் பத்திரம் இருக்கும்? பட்டா என்கிற ஒரு தாளுக்காகத் தாலுகா ஆபீஸ் படி தேய்த்த குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றேன்.

இந்த வெள்ளைத் தேவாலயம் அசல் இல்லை. அசலை 1967 நவம்பரில் ஒரு ராத்திரி புல்டோசர் வைத்துத் தள்ளிவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கோயில் இல்லை. 2010 பிப்ரவரி 24 அன்று மேயர் பீட்டர் கெல்லி நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கூடவே இரண்டரை ஏக்கர் நிலமும், மாதிரித் தேவாலயம் கட்ட 30 லட்சம் டாலரும். குடும்பங்களுக்குத் தனித்தனியாக இழப்பீடு அதில் இல்லை. அதனால் மன்னிப்பை ஏற்றவர்கள், ஏற்காதவர்கள் என்று ஊருக்குள்ளேயே இரண்டு பேச்சு. 1970இல் இங்கே திரும்பி வந்து கூடாரம் போட்டு உட்கார்ந்து, பல பத்தாண்டுகள் போராடிய எடி கார்வரியின் படமும் பார்த்தேன்.

வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர். எழுபதை நெருங்குபவர். என் ஜெர்கினைப் பார்த்துச் சிரித்தார். "அந்த டீம்ல என் தங்கச்சி பையன் ஆடினான். நீயுமா?" இல்லை, 14 டாலர் என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் ஒரு கடற்காகம் பறந்து போனது.

அவர் இங்கே பிறந்தவர். பேசிக்கொண்டே புல்வெளியில் நடந்தார். நான் பக்கத்தில் போனேன். ஓரிடத்தில் நின்று என் தோளைத் தொட்டு மெதுவாக ஒரு அடி தள்ளி நிறுத்தினார். "அது எங்கம்மா அடுப்பு இருந்த இடம்." அங்கே ஒன்றும் இல்லை. புல், இரண்டு டேன்டிலியன் பூ. ஆனால் அவர் வீட்டுக்குள் நடக்கிற மாதிரியேதான் நடந்தார். கதவு இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார், சுவர் இருந்த இடத்தை மிதிக்கவில்லை.

பத்து வயதில் கிளம்பினாராம். சாமான்களை ஏற்ற நகராட்சி அனுப்பியது குப்பை லாரி. இது ஊரறிந்த விஷயம், மியூசியத்திலும் எழுதியிருக்கிறது. அவர் சொன்னது வேறு. புது வீட்டு வாசலில் லாரி போய் நின்றபோது அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அம்மா கட்டிலையும் மேசையையும் விட்டுவிட்டு, முதலில் வெள்ளைத் துணிகளை எடுத்துக் கொடியில் காயப்போட்டாராம். ஏற்கெனவே துவைத்துக் காய்ந்த துணிகள். எதற்கு என்று அன்றைக்குத் தெரியவில்லை என்றார். பிறகு பாலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

காலி செய்த இடத்தில் தொழிற்சாலை வரும் என்றார்கள், வரவில்லை. கொஞ்சம் பாலத்துக்குப் போனது. மிச்சத்தைப் பூங்கா ஆக்கி வேறு பெயர் வைத்தார்கள், பழைய பெயர் திரும்பியது 2011இல்தான். 1983 முதல் வருடா வருடம் கோடையில் குடும்பங்கள் இங்கே வந்து கூடாரம் போட்டுத் தங்குகின்றன. ஒவ்வொரு குடும்பமும் தன் வீடு இருந்த இடத்தில்தான் கூடாரம் அடிக்கப் பார்க்குமாம். ஜூலையில் வா, சாப்பாடு உண்டு என்றார். அவரே காரில் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் விட்டார். பெயர் கேட்க மறந்துபோனேன்.

பெட்டி: வான்கூவரில் இருக்கிறதாம். எதிர்க்கடலோரம்!

ஜூன் 12

நண்பன் லீவு போட்டான். 200 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, பர்ச்டவுன். வழியெல்லாம் ஊசியிலை மரம், பாறை, மறுபடி ஊசியிலை மரம். பெட்ரோல் பங்கில் வாங்கிய ஓட்ஸ் பிஸ்கட் மரப்பலகை மாதிரி இருந்தது, தேநீரில் நனைத்தால் மட்டும் மன்னிக்கலாம்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் பக்கம் வந்தால் விடுதலை என்று அடிமைகளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். போரில் பிரிட்டன் தோற்றது. 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறும் முன் ஒவ்வொருவர் பெயரையும் ஒரு பேரேட்டில் எழுதினார்கள், சுமார் 3,000 பேர். அதன் நகலைப் பர்ச்டவுன் மையத்தில் புரட்டலாம். பெயர், வயது, முன்னாள் எஜமானர். கூடவே குமாஸ்தா ஒரு வரியில் எழுதிய மதிப்பீடு: திடகாத்திரமானவன், தேய்ந்துபோனவள், மரக்கால் வைத்த சாதாரண ஆள். மாட்டுத்தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்கிற அதே தொனி. இத்தனைக்கும் அது விடுதலை பெற்றவர்களின் பட்டியல்.

பர்ச்டவுனுக்கு வந்தவர்களுக்கு நிலம் என்றார்கள். கிடைத்தவர்களுக்குக் கிடைத்தது பாறை, பலருக்கு அதுவும் இல்லை. முதல் குளிருக்குத் தரையில் குழி தோண்டி மேலே மரக்கூரை சாய்த்து அதற்குள் இருந்திருக்கிறார்கள். அந்தக் குழிவீட்டின் மாதிரி ஒன்று வெளியே இருக்கிறது. குனிந்து எட்டிப்பார்த்தேன். ஜூன் மதியத்திலேயே உள்ளேயிருந்து ஈரக் குளிர் முகத்தில் அடித்தது. குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்ற ஆத்திரத்தில் 1784 ஜூலையில் பக்கத்து ஷெல்பர்னில் வெள்ளைச் சிப்பாய்கள் இவர்கள் வீடுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் சுமார் 1,200 பேர் இந்த மாகாணத்தையே விட்டு சியரா லியோனுக்குப் போனார்கள். ஃப்ரீடவுனை நிறுவியவர்கள் அவர்கள்தான்.

பாட்டியின் முன்னோர் போல 1812 போரில் வந்தவர்களுக்கும் பத்துப் பத்து ஏக்கர் கொடுத்தார்கள். ஆனால் குடியிருக்கும் உரிமைச் சீட்டுதான், பத்திரம் கிடையாது. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. இதைச் சரிசெய்ய 1963இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்பிறகும் நார்த் பிரஸ்டன் போன்ற ஊர்களில் இன்றுவரை பலர் பத்திரத்துக்கு அலைகிறார்கள். இரண்டு நூற்றாண்டு வரி கட்டிவிட்டு, இது என் நிலம்தான் என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். நண்பன் வண்டி ஓட்டிக்கொண்டே, "நம்ம ஊரு நத்தம் புறம்போக்கு மாதிரிடா" என்றான். சரியாக அப்படி இல்லைதான். ஆனால் அதற்குமேல் விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் போலீஸ் வண்டி ஒன்று கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து விலகிப் போனது. நண்பன் சொன்னான், அவன் ஆபீஸில் ஒரு ஆப்பிரிக்க நோவா ஸ்கோஷியர் கார் டேஷ்போர்டில் எல்லாத் தாள்களையும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பாராம். 2019இல் ஸ்காட் வோர்ட்லி என்ற ஆய்வாளர் கொடுத்த அறிக்கைப்படி, ஹாலிஃபாக்ஸ் தெருவில் போலீஸ் நிறுத்தி விவரம் பதிந்துகொள்வது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஆறு மடங்கு அதிகம். அந்த வருடமே அந்த வழக்கத்தைத் தடைசெய்தார்கள், போலீஸ் தலைவர் மன்னிப்பும் கேட்டார். மன்னிப்புகளின் தேதிகளை மட்டும் வைத்தே இந்த மாகாணத்துக்கு ஒரு காலண்டர் அடிக்கலாம்.

ஜூன் 13

காலையில் வாசலில் பெட்டி. நாடு முழுக்கச் சுற்றிவிட்டு, ஒரு சக்கரம் உடைந்து, நெற்றியில் ஐந்து ஸ்டிக்கரோடு. உள்ளே நண்பனுக்காகக் கொண்டுவந்த மாவடு பாட்டில் பத்திரமாக இருந்தது. இரண்டு ஸ்வெட்டரில் சுற்றி வைத்தது என் அம்மா கற்றுக்கொடுத்த வித்தை.

டார்ட்மவுத்திலிருந்து ஹாலிஃபாக்ஸுக்குப் படகு. கட்டணம் காட்டிங்கன் தெருக் காபியைவிட மலிவு. ஏறும்போதுதான் பெயரைப் பார்த்தேன், வயோலா டெஸ்மண்ட். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதால் மேல்தளத்துக்குப் போனேன். ஐந்து நாளில் முதல்முறையாக வெயில். ஜெர்கினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

நூலகத்தில் பாட்டி அதே மேசையில். இன்றைக்கு இன்னும் மூன்று பெண்கள், ஒரு கல்லூரிப் பையன். மேசையில் வடபகுதியின் பெரிய வரைபடம், அதில் பென்சிலால் பழைய கடைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். முடிதிருத்தும் கடை, மீன்கடை, கிளப், யார் வீட்டு மாடியில் யார் இருந்தார்கள். பையன் அதன்மேல் புதுக் கட்டடங்களின் உயரத்தை வேறு நிறத்தில் குறித்தான். நினைவுக்காக இல்லை, அடுத்த முறை நகரசபைக்குப் போகும்போது கையில் தாள் இருக்கவேண்டும் என்றார் பாட்டி. நிலத்தைப் பொது அறக்கட்டளையில் வைத்து, வீட்டை மட்டும் குடும்பங்களுக்குக் கொடுப்பது பற்றி அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. பத்திரம் என் பெயரில் இருக்கணும், கமிட்டி பெயரில் எதற்கு என்றார். யார் சொல்வது சரி என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

காலி காபி பாட்டிலில் பாதி மாவடுவைப் பிரித்துக் கொண்டுபோயிருந்தேன். சௌவுக்குப் பதில் மரியாதை. பாட்டி மூடியைத் திறந்து மோந்தார், தும்மினார். ஒரு வடுவை எடுத்து முன்பல்லால் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்ற மூன்று பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு டியர்" என்றார், தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டே. "சர்க்கரை போட மறந்துட்டியா?"